கையில் கனக்கும் தலை

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு, 2017 தொடக்கத்தில், கோலாலம்பூர் (கேஎல்) பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் சலூனில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. செந்தூலில் கொமூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சம்பளம் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). அப்போது தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே அதுதான். கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று போனேன். முதல் எட்டு மாதம் கையில் கிடைத்தது ஷாம்பூவும் ஷவர் குழாயும்.

"தலை கழுவுறதுல கத்துக்க என்ன இருக்கு?" என்று சித்தி கேட்டார். எனக்கும் அந்த எண்ணம்தான். அதற்குப் பிறகு இதே வேலையை மூன்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மூன்று பேரும் முதல் நாள் அதே கேள்வியோடுதான் வந்தார்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை முடி வெட்ட நம் ஆட்கள் வர மாட்டார்கள். கடை காலியாக இருக்கும். அன்றுதான் எனக்குப் பாடம். முதலாளி அக்கா தானே தலை கழுவும் பேசின் நாற்காலியில் சாய்ந்து படுத்துக்கொண்டு, "என் தலையைத் தூக்கு" என்றார். இரண்டு கையாலும் தூக்கினேன். "கனக்குதா?" என்றார். இல்லை என்றேன். "பெரியவங்க தலை நாலரை, அஞ்சு கிலோ இருக்கும். உனக்குக் கனக்கலைன்னா நீ பிடிக்கலைன்னு அர்த்தம். நான்தான் என் கழுத்தால பிடிச்சிட்டு இருக்கேன்."

அப்புறம் எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். விரல்களை விரித்து, உள்ளங்கை முழுவதும் பிடரியில் படும்படி கையை உள்ளே விட வேண்டும். விரல் நுனியால் குத்திப் பிடிக்கக் கூடாது. தூக்குவதற்கு முன் ஒரு நொடி அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் கை அங்கே இருக்கிறது என்று கழுத்துக்குப் புரிந்துவிடும். பிறகு நேராகத் தூக்காமல், முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு தூக்க வேண்டும். எனக்கு அது வர ஐந்து செவ்வாய்க்கிழமை ஆனது. ஐந்தாவது வாரம் ஒரு கட்டத்தில் அக்காவின் தலை திடீரென்று என் கையில் இறங்கியது. தூங்கிய குழந்தையின் தலை தோளில் விழுமே, அந்த மாதிரி. "ம், இப்போதான்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

இந்த வேலையில் நான் நம்புகிற ஒரே அளவுகோல் இதுதான். பேசினில் சாய்ந்திருப்பவருக்கு நம்மைப் பார்க்க முடியாது. கூரையைப் பார்த்துக்கொண்டு, தொண்டையை மேலே காட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் கையில் தலையைக் கொடுத்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் விழுமோ, காதில் போகுமோ, சுடுமோ என்று உடம்பு காவல் காத்துக்கொண்டிருக்கும். அந்தக் காவலை இறக்கி வைக்க விடுவதுதான் நம் வேலை. எந்த ஷாம்பூ, எந்த மசாஜ் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் முதல் தவறு அங்கேதான். எங்கள் கடையில் இரண்டு பேசினுக்கும் ஒரே வாட்டர் ஹீட்டர். நான் ஒரு ஆன்ட்டிக்கு அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்து பேசினில் குழாயைத் திறந்துவிட்டார்கள். ஆன்ட்டி அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். தோள், ரவிக்கை எல்லாம் நனைந்து, பின்கழுத்து சிவந்துவிட்டது. இந்த வகை ஹீட்டர் ஓடுகிற தண்ணீரை ஓட ஓடச் சூடாக்குவது. இன்னொரு குழாய் திறந்தால் நம் பக்கம் தண்ணீர் குறையும், குறைந்த தண்ணீர் கூடுதலாகச் சூடாகும். ரொம்பக் குறைந்தால் ஹீட்டரே நின்று பச்சைத் தண்ணீர் வரும். தொடக்கத்தில் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அது போதாது. குழாய் பிடித்திருக்கும் கையின் ஒரு விரல் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். எனக்குச் சுண்டுவிரல். மாறுவது முதலில் அந்த விரலுக்குத் தெரியும், உடனே குழாயைத் தலையிலிருந்து திருப்பிவிடலாம். உடம்புச் சூட்டை ஒட்டி, 37, 38 பாகை இருந்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கும். இருந்தாலும் "சூடு போதுமாக்கா?" என்று கேட்காமல் தொடங்குவதில்லை. கேட்டாலும் பலர் கூச்சத்தில் "போதும், போதும்" என்றுதான் சொல்வார்கள். பதிலை விடத் தோளைப் பார்ப்பது நல்லது. சுட்டால் தோள் காதுப் பக்கம் ஏறும்.

குழாயைத் தூரத்தில் பிடித்தால் தெறிக்கும். தலைத்தோலை ஒட்டினாற்போல் பிடித்தால் சத்தமும் குறையும், முகத்திலும் விழாது. நெற்றிப் பக்கம் வரும்போது இடது கையின் ஓரத்தை நெற்றியில் அணை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். காதுப் பக்கம் போகும்போது காது மடலை மெதுவாக முன்னால் மடித்துப் பிடித்தால் உள்ளே போகாது.

படுக்க வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவையும் உண்டு. ஜிமிக்கியைக் கழற்றச் சொல்லுங்கள், அல்லது முடி மாட்டாமல் துண்டால் மூடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லவே கூடாது. அதைத் துண்டுக்கு உள்ளே தள்ளி, ரவிக்கைக் கழுத்தோடு சுற்றிவிட்டால் நனையாது. அப்புறம், உலர்ந்த முடியிலேயே சிக்கு எடுத்துவிட வேண்டும், நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போய். நனைந்த முடி இழுத்தால் நீளும், சுலபமாக அறுந்தும் போகும். சிக்கு எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் தலைத்தோலையும் பார்த்துவிடலாம். புண் இருக்கிறதா, படர்தாமரை மாதிரி வட்டம் இருக்கிறதா, பேன் இருக்கிறதா என்று. இருந்தால் அன்று கழுவக் கூடாது. அதைச் சொல்வதற்குப் பக்கத்தில் வேறு ஆள் இருக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தலையில் ஈர் (பேன் முட்டை) இருந்ததை நான் எல்லோர் முன்னும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இனி எண்ணெய். நம் பெண்களின் தலையைக் கழுவக் கற்றுக்கொள்வதில் பாதி, எண்ணெயை இறக்கக் கற்றுக்கொள்வதுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு அம்மா இடுப்பு வரை முடியோடு வந்தார். இரவெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊறிய முடி. நான் வழக்கம்போல் நனைத்து, ஷாம்பூ போட்டுத் தேய்த்தேன். நுரையே வரவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன். காய வைத்த பிறகு பார்த்தால் பிடரிப் பக்கம் இன்னும் பிசுபிசுப்பு. அக்கா தனியாகக் கூப்பிட்டு, "முதல்ல தண்ணி ஊத்தாத" என்றார்.

எண்ணெய் பூசிய முடியில் தண்ணீர் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும், கூடவே ஷாம்பூவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஷாம்பூவில் அழுக்கு எடுக்கும் பொருளுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு முனை தண்ணீரைப் பிடிக்கும். முதலில் எண்ணெயைப் பிடிக்க அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அதனால் எண்ணெய்த் தலைக்கு ஷாம்பூவைக் கையில் நன்றாகப் பரப்பி, நனைக்காத தலையிலேயே பிடரி, காதுக்குப் பின்னால், உச்சி என்று பிரித்துப் பிரித்துத் தடவுகிறேன். இரண்டு நிமிடம் பிசைந்த பிறகு, ஒரு கை தண்ணீர் மட்டும் சேர்க்கிறேன். அப்போது அது பால் மாதிரி வெள்ளையாக மாறும். அந்த வெள்ளை வந்தால் எண்ணெய் கழன்றுவிட்டது என்று அர்த்தம். அலசிவிட்டு இரண்டாவது முறை ஷாம்பூ போடும்போது நுரை பொங்கும். எண்ணெய் வைத்து வருகிறவரிடம் முகம் சுளிக்கும் சலூன்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும், கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. கழுவுகிறவருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

தேய்ப்பதில் ஒரே விதி: தோல் நகர வேண்டும், முடி நகரக் கூடாது. நகம் படாமல் விரல் நுனிச் சதையைத் தலையில் ஊன்றி, அடியில் இருக்கும் தோலை எலும்பின் மேல் சின்ன வட்டமாக நகர்த்த வேண்டும். முன்நெற்றி ஓரம், நெற்றிப்பொட்டு, காதுக்கு மேல், உச்சி, கடைசியில் பிடரி. விரலை மேலோட்டமாக ஓட்டினால் முடிதான் முடியோடு உரசிச் சிக்காகும். நீள முடியை உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோல் கசக்குவது பெரும் தவறு. முடியின் மேல் செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஓடு வேய்ந்த மாதிரி படிந்திருக்கும். கை எப்போதும் அந்தத் திசையிலேயே, கீழ்நோக்கியே போக வேண்டும். நீளத்துக்குத் தனியாக ஷாம்பூ தேவையில்லை. அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே போதும். ஷாம்பூ என்ற சொல்லே, அமுக்கு, பிசை என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அக்கா அதைச் சொன்ன நாளில் எனக்கு இந்த வேலையின் மேல் ஒரு தனி மரியாதை வந்தது.

பிசைவது என்றால் என்ன என்பதை முழுசாகக் கற்றுக்கொண்டது செராஸில் ஒரு சீனர் சலூனில். ஆறு மாதம் அங்கே இருந்தேன். கேஎல்லில் சீனர் கடைகளில் தலை கழுவிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் பேசினுக்குப் போக மாட்டார்கள். கண்ணாடி முன் நேராக உட்கார வைத்து, தோளில் துண்டு போட்டு, உலர்ந்த உச்சியில் ஷாம்பூவையும் ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து தண்ணீரையும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நுரையை அங்கேயே எழுப்பிப் பதினைந்து, இருபது நிமிடம் பிசைவார்கள். ஒரு சொட்டு முகத்தில் வழியக் கூடாது. அலச மட்டுமே பேசின். முதல் நாள் என் நுரை ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்குள் இறங்கிவிட்டது. அந்தத் தவுக்கே (முதலாளி) அம்மா திட்டவில்லை. என் கையைப் பிடித்து, "பெலான்-பெலான்" (மலாயில் 'மெதுவாக') என்று சொல்லி, வழியும் நுரையை விரல் ஓரத்தால் மேலே வழித்து எடுக்கக் காட்டினார். தண்ணீரை எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு நுரை கட்டியாக நிற்கும். நம் எண்ணெய்த் தலைக்கும் இதே முறை அருமையாகப் பொருந்துகிறது. வயதானவர்களுக்கு இன்னும் பொருந்தும், கழுத்தை அவ்வளவு நேரம் பின்னால் மடக்கி வைக்கத் தேவையில்லை என்பதால்.

கழுத்தைப் பற்றி விளையாட்டாக இருக்கக் கூடாது. 1993-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப், சலூனில் தலை கழுவிய பிறகு பக்கவாத அறிகுறி வந்த ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். கழுத்தைப் பேசின் விளிம்பில் ரொம்ப நேரம் பின்னால் வளைக்கும்போது மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் அழுந்தவோ கிழியவோ கூடும். அரிதாக நடப்பதுதான். தடுக்க வேண்டியதோ மிகச் சின்ன விஷயம்: துண்டை உருட்டிக் கழுத்து வளைவில் வைத்து இடைவெளியே இல்லாமல் நிரப்புவது, இடுப்பு நாற்காலியில் பின்னால் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, நடுவில் ஒருமுறை தலையை உயர்த்தி ஓய்வு கொடுப்பது. உயரம் குறைந்தவர்களுக்கு அடியில் ஒரு மெத்தை போட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் தொங்குவார்கள். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, பார்வை மங்குகிறது என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்தி மெதுவாக நிமிர்த்துங்கள். பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் பலமில்லாமல் போனாலோ 999-ஐ அழைக்க யோசிக்காதீர்கள்.

இப்போது அலசுவது. தேய்க்கக் கற்றுக்கொண்ட பிறகும் நான் நீண்ட நாள் சரியாகச் செய்யாதது இதுதான். ஒரு வாடிக்கையாளர் இரண்டு நாளில் திரும்பி வந்து, "எனக்குப் பொடுகே இருந்ததில்ல, உங்க ஷாம்பூ ஒத்துக்கல" என்றார். அக்கா அவர் பிடரி முடியைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது காய்ந்த ஷாம்பூ. நான்தான் பிடரியை அலசாமல் விட்டிருக்கிறேன். தலை பேசினில் ஊன்றியிருக்கும் இடமே பிடரி என்பதால் தண்ணீர் அங்கே தானாகப் போகாது. தலையைத் தூக்கித்தான் அலச வேண்டும். அவர் தலையைக் கனமாக என் கையில் விட்டிருந்தால் என்னால் தூக்கி நிதானமாக அலசியிருக்க முடியும். கழுத்தை விறைத்து அவரே தூக்கிக் கொடுத்ததால், பாவம் வலிக்குமே என்று அவசரமாக முடித்துவிட்டேன். தேய்த்த நேரத்துக்குக் குறையாமல் அலசுங்கள். தண்ணீர் தெளிவாக ஓடிய பிறகும் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விரலை விட்டுப் பாருங்கள், வழுக்கினால் இன்னும் இருக்கிறது.

2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்று நீரில் மாசு கலந்து, கேஎல்லும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் போனது நினைவிருக்கும். வாளியும் குவளையுமாக வேலை பார்த்தோம். குவளையால் அலசும்போதுதான் தண்ணீர் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. புதிதாக வருகிறவர்களை இப்போதும் ஒரு நாள் குவளையால் அலசச் சொல்கிறேன்.

கண்டிஷனரில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: வேரில் பூசுவது. கல்யாணத்துக்குப் போகும் ஒருவருக்குத் தாராளமாகத் தலை முழுக்கப் பூசிவிட்டேன். டிரையரால் புளோ செய்த ஒரு மணி நேரத்தில் உச்சி முடி தலையோடு ஒட்டிக்கொண்டது, ஒரு வாரமாகக் குளிக்காத மாதிரி. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பு வரை முடி உள்ளவரின் நுனி ஐந்தாறு வருடம் வெயில், சீப்பு, ஹேர் டிரையர் எல்லாம் பார்த்த முடி. கண்டிஷனர் அதற்குத்தான் வேண்டும். ஷாம்பூ போட்ட முடியில், அதுவும் அடிபட்ட இடங்களில், எதிர் மின்னேற்றம் இருக்கும். கண்டிஷனரின் நேர் மின்னேற்றம் போய் அங்கே ஒட்டிக்கொள்ளும். ஆனால் முடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் கண்டிஷனர் கரைந்து வழிந்துவிடும், அதனால் முதலில் கையால் பிழிந்துவிட வேண்டும். காதுக்குக் கீழே தொடங்கி நுனி வரை உள்ளங்கைகளுக்கு நடுவில் அழுத்தித் தடவி, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சீவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். துண்டால் பரபரவென்று தேய்க்காதீர்கள். சுற்றி அமுக்கினால் போதும்.

ரீபாண்டிங் (மருந்து போட்டு முடியை நேராக்குவது) செய்யப் போகிறவருக்கு அதற்கு முன் கண்டிஷனர் போடுவதில்லை, தலைத்தோலை அழுத்தித் தேய்ப்பதும் இல்லை. தேய்த்த தோலில் மருந்து பட்டால் எரியும். சாயம் அலசும்போது முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துச் சாயத்தைப் பிசைந்து இளக்கினால் நெற்றிக் கறையும் கூடவே வந்துவிடும். அதற்குக் கையுறை கட்டாயம்.

கையைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். நான்காவது மாதம் விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, மிளகாய் தொட்டால் கண்ணீர் வந்தது. தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நாள் முழுக்க ஈரத்தில் இருக்கும் கைக்கு வரும் தோல் அழற்சி அது. சலூன் தொழிலில் மிகச் சாதாரணம். மோதிரத்தைக் கழற்றுங்கள், அதன் அடியில் ஷாம்பூ தங்கும். ஒவ்வொரு தலைக்கும் பிறகு வெறும் தண்ணீரில் கையை அலசி, விரல் இடுக்கு உட்பட ஒற்றி, வாசனை இல்லாத கிரீம் பூசுங்கள். நைட்ரில் கையுறை போட்டுக்கொண்டு கழுவுவதில் வெட்கம் எதுவும் இல்லை. எனக்கு இரண்டு மாதத்தில் கை தேறியது.

முக்காடு போட்ட தமிழ் முஸ்லிம் பெண்கள் வந்தால் கேட்பதற்கு முன்பே திரையை இழுத்துவிடுவோம். ஒரு அம்மா முதல் தடவை வந்தபோது, ஆண்கள் யாரும் மாடிக்கு வர மாட்டார்கள்தானே என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பொறுமையாகச் சொன்னேன். இருந்தும் அன்று கடைசிவரை அவர் தலை என் கையில் கனக்கவில்லை. அடுத்த மாதம் வந்தார். பிடரியை அலசத் தூக்கும்போது கனத்தது.

இப்போது என்னிடம் பத்தொன்பது வயதில் ஒரு பெண் கற்றுக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை மதியம் நான் பேசினில் சாய்ந்துகொள்கிறேன். நேற்று அவள் கையைப் பிடரிக்கு அடியில் விட்டு, ஒரு நொடி நிறுத்தி, பிறகு தூக்கினாள். நான் கழுத்தை விட்டுவிட்டேன். "அக்கா, கனக்குது" என்றாள். பிடித்துக்கொண்டே அலசச் சொன்னேன். முடித்த பிறகு காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. இன்னொரு முறை அலசச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.